வாளுக்குப் பெயர் ராஜபுத்திரரா?

2007இல் வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 3: தி ஏசியன் டைனஸ்டீஸ்’ கேமில் இந்தியப் படையை எடுத்து ஆன்லைனில் மோதிப் பாருங்கள். யானைமேல் அமர்ந்து படைக்கு முன்னால் போவதும் காயத்தை ஆற்றுவதும் பிராமணர். வாள் பிடிப்பது ராஜபுத்திரர். துப்பாக்கி பிடிக்கும் ஒருவருக்கோ ‘சிப்பாய்’ என்று தொழிற்பெயர். வாளுக்கும் வைத்தியத்துக்கும் ஏன் சாதிப்பெயர்?

“கேமிலுமா சாதி பார்ப்பீர்கள்?” என்று நம்மைக் கேட்கிறார்கள். பார்த்துப் பெயர் வைத்தது நாமல்ல, தோழர்களே.

இந்தக் கணக்கு பழையது. 1857க்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவம் ‘போர் இனங்கள்’ என்றொரு கோட்பாட்டை வளர்த்தது. வீரம் பிறப்பில் வருகிறதாம்! 1818இல் கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்றவர்களில் மகர் வீரர்கள் பலர். அவர்களின் சந்ததிக்கு 1890களில் ராணுவத்தின் கதவு சாத்தப்பட்டது. களத்தில் கோழைகளாக நின்றதால் அல்ல, பட்டியலில் இடமில்லாததால். இன்றுள்ள மகர் ரெஜிமென்ட் 1941இல்தான் உருவானது.

ஒரு சமூகத்தின் சோற்றைப் பறித்த அதே பட்டியல், இன்று யூனிட் பெயராக நம் திரையில் நிற்கிறது. கேமை விடச் சொல்லவில்லை. விளையாடுங்கள், ஜெயியுங்கள். ஆனால் பிறப்பைத் திறமையாக விற்கும் விதியை ‘வரலாறு’ என்று யாராவது சொன்னால், அங்கேயே மறுத்துப் பேசுங்கள்.