வலி நின்றுவிட்டதா? அப்போதுதான் கவனிக்க வேண்டும்!

குழந்தைக்குப் பல் வலி என்றால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடுகிறோம். கணவருக்கு என்றால் அந்த வாரத்துக்குள் அழைத்துப் போய்விடுகிறோம். நமக்கு வந்தால்? ஒரு கிராம்பு, ஒரு வலி மாத்திரை, "பிள்ளைங்க பரீட்சை முடியட்டும், தீபாவளி போகட்டும்" என்று ஒரு சமாதானம்! பல் டாக்டரான நான் தினமும் பார்க்கும் விஷயம் இது.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் வந்திருந்தார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை.

"போன மாசம் ராத்திரியெல்லாம் தூங்கவே விடலை டாக்டரம்மா. அப்புறம் தானாவே சரியாப் போச்சு. இப்ப ஈறுல சின்னதா ஒரு கொப்புளம். அதுக்கு மட்டும் மருந்து எழுதிக் கொடுங்க, போதும்" என்றார்.

"சரியாப் போகலைம்மா. வலியைச் சொல்ற நரம்பு உள்ளே செத்துப் போச்சு. அதான் சத்தமில்லாம இருக்கு" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. எக்ஸ்ரே எடுத்து, வேர் நுனியில் எலும்பு அரிக்கப்பட்டுக் கறுப்பாகத் தெரிந்த இடத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினார்.

பல்லின் மேல்பூச்சு எனாமல். நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள் அதுதான். அதற்கு அடியில் டென்டின். நடுவில் நரம்பும் ரத்தக் குழாய்களும் கொண்ட மெத்தென்ற பல்கூழ். சொத்தை கூழை எட்டியதும் அது வீங்கப் பார்க்கிறது. சுற்றிலும் கல் மாதிரி சுவர். வீங்க இடம் ஏது? வெயிட் அடைத்துக்கொண்ட குக்கர் போல உள்ளே அழுத்தம் ஏறுகிறது. படுத்தால் தலைப் பக்கம் ரத்த அழுத்தம் கூடுவதால் ராத்திரியில் 'விண் விண்' என்று தெறிக்கிறது. பிறகு கூழ் செத்துவிடும், வலியும் நின்றுவிடும். ஆனால் கிருமிகள் சாவதில்லை. வேர் வழியே இறங்கி எலும்பில் சீழ் வைக்கின்றன. அந்தச் சீழ் வெளியேறும் வாசல்தான் ஈறில் வரும் கொப்புளம்.

"ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் போதாதா?" என்று கேட்பீர்கள். மருந்து ரத்தத்தின் வழியாகத்தான் போக வேண்டும். செத்த கூழில் ரத்த ஓட்டமே இல்லையே! கிராம்பும் கொஞ்ச நேரம் மரக்கச் செய்யுமே தவிர, உள்ளே இருப்பதை ஒன்றும் செய்யாது. வலிக்கிற ஈறில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்காதீர்கள். ஈறு வெந்து புண்ணாகிவிடும்.

அப்படியானால் வழி இரண்டுதான். ஒன்று, பல்லைப் பிடுங்குவது. இரண்டு, ரூட் கெனால் எனப்படும் வேர் சிகிச்சை. பேரைக் கேட்டே பலர் நடுங்குகிறார்கள். ஊசி போட்டு மரக்கச் செய்த பிறகுதான் இந்த வேலையே ஆரம்பம். பல்லில் சின்னத் துவாரம் இட்டு, கூழை எடுத்து, மெல்லிய அரங்களால் வேரின் உட்குழாய்களைச் சுத்தம் செய்து, கிருமிநாசினியால் கழுவுவோம். பிறகு மரப்பாலிலிருந்து கிடைக்கும் கட்டா பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளால் அடைத்து மூடுவோம். முன்பல்லில் பெரும்பாலும் ஒரே குழாய். கடைவாய்ப் பல்லில் மூன்று, நான்கு இருக்கும். அதனால்தான் ஒன்று முதல் மூன்று தடவை வரச் சொல்கிறோம். சிகிச்சைக்குப் பின் சில நாள் கடிக்கும்போது லேசாக வலிக்கலாம்; அது தானே அடங்கிவிடும்.

அந்த அம்மாளுக்கு இரண்டு தடவையில் முடிந்தது. "வலிதான் இல்லையே, கேப் எதுக்கு டாக்டரம்மா, வீண் செலவு?" என்றார். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சொத்தையும் சிகிச்சையும் போக மிஞ்சியிருப்பது மெல்லிய சுவர். கேப் போடாத கடைவாய்ப் பல் ஒரு நாள் முறுக்கு கடிக்கும்போது இரண்டாகப் பிளந்துவிடலாம். பிளவு வேர்வரை போய்விட்டால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. கேப்புக்கும் சேர்த்தே முதலிலேயே செலவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

"பிடுங்கிட்டாச் செலவு குறைச்சல்தானே?" அன்றைக்குக் குறைச்சல்தான். ஆனால் காலி இடத்தில் பக்கத்துப் பல் சாயும், எதிர்ப் பல் இறங்கும். பிறகு பாலம் கட்ட வேண்டுமானால் இரு பக்கமும் உள்ள நல்ல பற்களை அரைக்க வேண்டும். தனியார் செலவு தாங்காதவர்கள் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம். எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியும் என்று சொல்லமாட்டேன். வேர் பிளந்திருந்தாலோ, பிடிமான எலும்பு போயிருந்தாலோ எடுப்பதே நல்லது. அப்படி எடுக்க நேர்ந்தால் பயப்பட வேண்டாம். மேல் பல்லை எடுத்தால் கண் பார்வை குறையும் என்பது வெறும் பயம்; பார்வை நரம்பு வேறு, பல்லின் நரம்பு வேறு.

எப்போது உடனே வர வேண்டும்? குளிர்ந்த நீர் பட்ட கூச்சம் சட்டென்று போகாமல் நிமிஷக்கணக்கில் நீடித்தால், சூடான காபி பட்டு வலித்தால், ராத்திரியில் வலி எழுப்பினால், பல் கறுத்தால், ஈறில் கொப்புளம் வந்தால். தாடைக்கு அடியில் வீக்கம் பரவி, ஜுரம், விழுங்கவோ வாயைத் திறக்கவோ கஷ்டம் என்றால் பொழுது விடியக் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அது உயிருக்கே ஆபத்தாகலாம். கர்ப்பமாக இருந்தாலோ, சர்க்கரை நோய் இருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவற்றுக்காகச் சிகிச்சையை ஒதுக்க வேண்டியதில்லை, ஏற்றபடி செய்துகொள்ளலாம்.

வீட்டில் எல்லோருடைய பல்லையும் பார்த்துக்கொள்ளும் நீங்கள் இன்று கண்ணாடி முன் நின்று உங்கள் கடைவாய்ப் பல்லையும் ஒரு தடவை பாருங்கள். "முன்னே வலிச்சுது, இப்ப இல்லை" என்ற பல் ஏதாவது இருந்தால், வருகிற வாரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அடுத்த இதழில், பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருவது பற்றிப் பார்ப்போம்.