காந்தக் கோட்டையும் கும்மிடிப்பூண்டி இரும்பும்

2023 செப்டம்பர் 2-ந் தேதி பகல் 11-50 மணி. பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 'ஆதித்யா' கிளம்பிற்று. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு அது அடுத்த வீட்டு விசேஷம்!

இன்று அது 15 லட்சம் கிலோ மீட்டருக்கு அப்பால் நின்று சூரியனைக் கவனிக்கிறது. அதில் காந்தமானி ஒன்றும் உண்டு. அதை 6 மீட்டர் நீளக் கம்பத்தில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஏன்? கலத்தின் சொந்தக் காந்தம் கணக்கைக் கெடுத்துவிடும்!

பூமி ஒரு பெரிய காந்தம். அதன் சக்தி வானவெளியில் ஒரு கோட்டை போல நம்மைச் சூழ்ந்திருக்கிறது. சூரியக் காற்று மோதுவதால், சூரியன் பக்கம் அது சுமார் 65 ஆயிரம் கிலோ மீட்டருக்குள் அமுங்கி நிற்கிறது. மறு பக்கமோ சந்திரனைத் தாண்டி வாலாக நீளுகிறது. சூரியப் புயல் அடித்தால் கோட்டை குலுங்கும். 1989 மார்ச் 13-ந் தேதி கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேர் சுமார் 9 மணி நேரம் மின்சாரமின்றித் தவித்தார்கள்.

நம் மின்கம்பிகளுக்கு அவ்வளவு பயமில்லை. நாம் துருவத்துக்குத் தூரம். ஆனால், செயற்கைக்கோள் காட்டும் வழியை நம்பிப் படகு ஓட்டும் பழவேற்காடு மீனவருக்கு அந்த வழி பிசகலாம்.

புயலை முன்கூட்டி அறியக் கோட்டையின் உருவத்தைக் கணக்கில் வரைய வேண்டும். சில இடங்களின் அளவுகளைக் கொண்டே பூமி முழுவதன் காந்தத்தையும் கணிக்கலாம் என்று 1839-ல் காட்டினார், ஜெர்மானிய மேதை காஸ். அந்த அளவுகளை வானில் மட்டும் எடுத்தால் போதாது. தரையிலும் எடுக்க வேண்டும். காந்த நடுக்கோட்டுக்கு அருகே, திருநெல்வேலி கிருஷ்ணாபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடம் இருப்பது நமக்குப் பெருமை. தலைக்கு மேல் சுமார் 100 கிலோ மீட்டர் உயரத்தில் பகலில் ஓடும் மின்னோட்டத்தை அளக்க அதைவிட வாய்ப்பான இடம் ஏது?

ஆனால் காந்தமானிக்கு அமைதி வேண்டும். பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது என்றதும், கொலாபாவில் நடந்த காந்த ஆராய்ச்சியை 1904-ல் அலிபாகுக்கு மாற்றினார்கள். டிராமும் ஓடியது; ஆராய்ச்சியும் பிழைத்தது.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருகட்டும். அது நம் வயிற்றுப்பாடு. ஆனால் காந்த ஆய்வுக்கூடங்களைச் சுற்றி ஆலையும் ரயிலும் உயர் அழுத்த மின்கம்பியும் நெருங்காமல் சர்க்கார் எல்லை வகுக்க வேண்டும். கெட்ட பிறகு அமைதியைத் தேடுவது வீண். விண்ணில் 6 மீட்டர் ஒதுங்கி நிற்கத் தெரிந்த நமக்கு, மண்ணில் சில மைல் ஒதுங்க மனம் வராதா?