லிஃப்டில் கேட்ட கேள்வி

அம்மா நாசரேத்திலிருந்து இங்கே அகமதாபாத்துக்கு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனார்கள். வந்த முதல் ஞாயிறே ஆலயத்தில் குஜராத்தி கைப்பிரதிகள் ஒரு கட்டு வாங்கிக்கொண்டார்கள். குஜராத்தியில் ஒரு எழுத்து தெரியாது. சிரித்துக்கொண்டே கொடுத்தால் போதும் என்பது அவர்கள் கட்சி. வாட்ச்மேன், காய்கறி வண்டிக்காரர், வீட்டு வேலைக்கு வரும் பென் என்று எல்லோருக்கும் ஒன்று. (இங்கே பெண்கள் எல்லோரும் பென், ஆண்கள் எல்லோரும் பாய். பத்து வருடத்தில் நான் முழுசாகக் கற்றது இதுதான்.)

நாலு நாள் கழித்து அந்த பென் என் மனைவியிடம் மெதுவாகக் கேட்டாராம்: "பையனை விட்டுப் படிக்கச் சொன்னேன். இதுல இருக்கிறபடி நடக்கலைன்னா வேலையை விட்டு நிறுத்திடுவீங்களா?"

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. "நல்ல காரியமுன்னுதானல குடுத்தேன்" என்று அம்மா அழாத குறை. அது சத்தியம்தான். ஆனால் நம்மிடம் சம்பளம் வாங்குகிறவர் அந்தத் தாளை எப்படி வேண்டாம் என்பார்?

சட்டம் தெரியாமல் இல்லை. அரசியல் சாசனத்தின் 25வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையையும் தருகிறது. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அந்த வார்த்தை தேவையா என்று விவாதம் வந்தபோது, இருக்கட்டும் என்று பேசியவர்களில் நம்மூர் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் ஒருவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர், கிறிஸ்தவர் அல்ல. பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் அடங்காது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. குஜராத்தில் 2003லேயே தனிச் சட்டம் வந்து, 2021இல் அதை இன்னும் இறுக்கினார்கள். ஆசை காட்டுதல் என்பதை இவ்வளவு அகலமாக எழுதிவைத்தால் யாரையும் மாட்டிவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் சட்டமே இல்லாவிட்டாலும் அந்த பென்னின் கேள்வி அப்படியேதான் இருக்கும்.

மாட்டேன் என்று சொல்ல வழியில்லாதவரிடம் போய் விசுவாசத்தைப் பேசக்கூடாது. வேலைக்கு வருகிறவர், ஆபீசில் நமக்குக் கீழே இருக்கும் ஜூனியர், டிரிப்ஸ் ஏறிக்கொண்டு கட்டிலில் கிடப்பவர். (ஜெபிக்கட்டுமா என்று கேட்கலாம். வேண்டாம் என்றால் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும்.)

இதோடு முடித்தால் நான் பெரிய நியாயஸ்தன் மாதிரி இருக்கும். நிற்க.

மூன்றாம் மாடி பாய் பாங்கில் ரிட்டயர் ஆனவர். மனைவி இறந்து ஆறு மாதம் இருக்கும்போது லிஃப்டில் என்னிடம் கேட்டார்: "ஞாயிறு தவறாம போறீங்களே, செத்தவங்களைப் பத்தி உங்க மதத்துல என்ன சொல்லுவாங்க?"

என்னிடம் எந்தத் தயவும் வேண்டாதவர். அவராகவே கேட்டார். கேட்கிறவர்களுக்கு மரியாதையோடு பதில் சொல்லத் தயாராக இருக்கச் சொல்லும் வசனம் பேதுருவின் முதலாம் நிருபம் 3ம் அதிகாரத்தில் இருக்கிறது. ஞாயிறு பள்ளியில் அதை ஒப்பித்து ஒரு சோப்பு டப்பா பரிசு வாங்கியவன் நான்.

"அதெல்லாம் பெரிசா ஒண்ணுமில்ல அங்கிள், சும்மா குடும்ப வழக்கம்" என்றேன். லிஃப்ட் கதவு திறந்தது.

உயிர்த்தெழுதலை நம்புகிறேன் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அப்பாவை ஊர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பண்ணிவிட்டுத் திரும்பிய அன்று என்னை நிற்கவைத்தது அதுதான் என்று சொல்லியிருக்கலாம். சட்டத்துக்குப் பயந்துதான் பேசவில்லை என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். சொசைட்டியில் 'அந்த மாதிரி ஆள்' என்று பெயர் வாங்க வெட்கம், அவ்வளவுதான். அம்மாவுக்கு அந்த வெட்கம் கிடையாது.

என் மனைவியை மொழிபெயர்க்கச் சொல்லி, அம்மா அந்த பென்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் ரயில் ஏறினார்கள். மூன்றாம் மாடி பாய் மறுபடி கேட்கவில்லை. லிஃப்டில் கிரிக்கெட் பேசுகிறோம். ஊரிலிருந்து அம்மா முந்திரிக்கொத்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன்.