ஏரியும் நம் வீட்டுக் குழாயும்



கோடை விடுமுறையில் உதகை ஏரிக்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு அங்குள்ள ஆரவாரம் தெரியும். படகுகள் வரிசையாக நிற்கும். குழந்தைகள் குதிரைச் சவாரி கேட்டு அடம்பிடிப்பர். வர்க்கிப் பொட்டலங்கள் கைமாறும். வந்தவர் அனைவரும் ஏரியைக் கண்டதாகவே எண்ணித் திரும்புவர். ஆனால் அவர்கள் கண்டது படகையேயன்றி நீரையன்று. நீரைக் காண விரும்புவோர் கோடப்பமந்து கால்வாய் ஏரியில் வந்து சேரும் இடத்திற்குச் செல்ல வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் செல்ல வேண்டும்.

இந்த ஏரி இயற்கை தந்ததன்று. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் என்பவர், மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் ஓடைகளைக் கரை கட்டித் தடுத்து, 1823 முதல் 1825 வரையிலான ஆண்டுகளில் இதனை உருவாக்கினார். அன்றைய ஏரி இன்றையதைவிடப் பன்மடங்கு பரந்திருந்தது. குதிரைப் பந்தயத் திடலும், பேருந்து நிலையமும், ஏரிப் பூங்காவும் இருக்குமிடம் ஒரு காலத்தில் நீர் நின்ற இடமே. இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ 65 ஏக்கர். பரப்பு குறுகியதோடு அமையாமல், எஞ்சிய நீரும் கெட்டதே நமது கவலை.

நீர் எவ்வாறு கெடுகின்றது என்பதைச் சற்று விளங்கிக்கொள்வோம். வீட்டுக் கழிவுநீரில் உள்ள மட்கும் பொருள்களை நீரிலுள்ள நுண்ணுயிர்கள் உண்டு செரிக்கின்றன. அவ்வாறு செரிக்கும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை அவை எடுத்துக்கொள்கின்றன. சிறிதளவு கழிவாயின் காற்றிலிருந்து அந்த இழப்பு ஈடு செய்யப்படும். அளவு மிகுந்தால் மீன்கள் மூச்சின்றி இறக்கும். ஆகவேதான் நீரின் தூய்மையை அளப்போர், அதிலுள்ள கழிவைச் செரிக்க எவ்வளவு பிராணவாயு தேவைப்படும் என்று கணக்கிடுகின்றனர். மனிதர் குளிக்கத்தகும் நீரில் அந்தத் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது நம் நாட்டின் விதி. இத்துடன் கழிவிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் ஆகாயத்தாமரைக்கு உரமாகின்றன. அது படர்ந்து நீரை மூடுகிறது. மடிந்து அடியில் அழுகுகிறது. மீண்டும் பிராணவாயுவை உண்கிறது. ஆகாயத்தாமரையை ஆண்டுதோறும் அள்ளிக் கரையில் குவிப்பது நோயின் குறியை நீக்குவதாகுமேயன்றி, நோயை நீக்குவதாகாது.

மேலும், இது உதகை மக்களின் துன்பம் மட்டுமன்று. ஏரியை விட்டு வெளியேறும் நீர் காமராஜ் சாகர் நீர்த்தேக்கத்தை அடைகின்றது. பின்னர் மோயாற்றின் வழியே பவானிசாகரில் கலக்கின்றது. குன்னூர் நகரின் கழிவுகளைச் சுமக்கும் குன்னூர் ஆறோ, மேட்டுப்பாளையம் அருகே பவானியைச் சேர்கின்றது. கீழே ஈரோட்டுச் சமவெளியில் வயலுக்கு நீர் பாய்ச்சும் உழவரும், குடத்தில் நீர் முகக்கும் தாயும், மலைமேல் வாழும் நாம் எதைக் கீழே அனுப்புகிறோம் என்பதை நம்மிடம் கேட்டறிய வழியற்றவர்கள். மலையில் வாழ்வோர் ஆற்றின் தலைமாட்டில் வாழ்வோர். தலைமாட்டில் இருப்பவனுக்குப் பொறுப்பு மிகுதி.

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது உண்மைக்குப் புறம்பானது. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் தொடங்கிய மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டத்தில் நீலகிரி மாவட்டம் சேர்க்கப்பட்டது. 2001-இல் நடுவண் அரசு தொடங்கிய தேசிய ஏரிப் பாதுகாப்புத் திட்டத்தில் உதகை ஏரியும் கொடைக்கானல் ஏரியும் இடம்பெற்றன. உதகை ஏரிக்கென ஏறத்தாழ 2 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நகரின் மக்கள்தொகை 88,430. தலைக்கு ஏறத்தாழ 225 ரூபாய் ஆகின்றது. விடுமுறை நாள்களில் வந்து குவியும் பல இலட்சம் பயணிகளையும் கணக்கில் கொண்டால் தலைக்குச் சில ரூபாய்களே மிஞ்சும்.

தொகை சிறிது என்பது ஒரு குறை. அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. இத்தகைய திட்டங்களில் கட்டுமானச் செலவை நடுவண் அரசும் மாநில அரசும் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் கட்டியதை ஆண்டாண்டுதோறும் இயக்கும் செலவு பெரும்பாலும் மாநிலத்தின் மீதும் நகராட்சியின் மீதுமே விழுகின்றது. கட்டடத்திற்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டு உண்டு. மின்கட்டணத்திற்கும், பழுதான பம்பிற்கும், பணியாளர் ஊதியத்திற்கும் கல்வெட்டு யார் வைப்பர்? 1986-இல் தொடங்கிய கங்கைச் செயல் திட்டத்தில் பல சுத்திகரிப்பு நிலையங்கள் மின்சாரமின்மையாலும் பராமரிப்புப் பணமின்மையாலும் முழுத்திறனில் இயங்கவில்லை என்பதைக் கணக்குத் தணிக்கையாளர்களே சுட்டிக்காட்டினர்.

அயல்நாட்டுச் சான்றொன்றும் நோக்கத்தக்கது. 1858-ஆம் ஆண்டுக் கோடையில் இலண்டன் மாநகரின் தேம்ஸ் ஆறு பொறுக்கவொண்ணா நாற்றம் வீசியது. பாராளுமன்றத்தில் அமர்ந்திருக்க முடியாத நிலை கண்டு, உறுப்பினர்கள் சில வாரங்களிலேயே சட்டம் இயற்றிப் பணத்திற்கு வழிசெய்தனர். பாசல்ஜெட் என்ற பொறியாளர் நகருக்கடியில் பெரும் கழிவுநீர்க் குழாய்களை அமைத்தார். ஆறு தேறியது. ஆனால் மக்கள்தொகை பெருகியது. போரில் குண்டு விழுந்து குழாய்கள் சிதைந்தன. 1957-இல் அதே ஆற்றின் பெரும்பகுதி உயிரற்றதென அறிஞர்கள் கூறினர். மீண்டும் பெரும்பொருள் செலவிட்ட பின்னரே அங்கு மீன்கள் திரும்பின. ஒரு முறை கொடுத்துக் கைகழுவும் பணத்தால் ஆறு பிழைப்பதில்லை என்பது இதனால் பெறப்படும்.

“கெடுத்தவன்தானே செலவு செய்ய வேண்டும்; மக்கள் வரிப்பணம் எதற்கு?” என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைகள் குறித்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை 1996-இல் உச்ச நீதிமன்றம் நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. ஆனால் உதகை ஏரியைக் கெடுத்தவர் யார்? சுட்டிக் காட்டுவதற்கு இங்கே ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கி இல்லை. வீடுகள், விடுதிகள், கடைகள், வந்து செல்வோர் என எல்லாருமே கெடுத்தவர்கள். எல்லாரும் கெடுத்ததை எல்லாரின் பணத்தால் சீராக்குவதில் முறைகேடு இல்லை. எனினும் சுமை ஒன்றுபோல் விழலாகாது. நூறு அறை கொண்ட விடுதி தன் கழிவைத் தானே சுத்திகரிக்கட்டும். ஓரறை வீட்டில் வாழும் தொழிலாளிக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பைப் பொதுப்பணத்தில் தரட்டும். இதுவே நீதி.

இவ்வாறெல்லாம் வாதிட்டு ஒரு விண்ணப்பம் எழுத நாம் முனைந்ததுண்டு. எம் பங்கின் மண்டபத்தில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் கூட்டம் கூட்டினோம். ஏரிக்கு நிதி கேட்டுக் கையொப்பம் திரட்டுவது நோக்கம். நாம் நெடுநேரம் பேசினோம், கைதட்டலும் கிடைத்தது. அப்போது பின்வரிசையிலிருந்து துப்புரவுப் பணி செய்யும் ஒரு தாய் எழுந்தார். “சாமி, தப்பா நினைக்காதீங்க. நம்ம சாமியார் வீட்டுக் குழாய் எங்கே போய் விழுது?” என்று கேட்டார்.

எமக்கு விடை தெரியவில்லை. அவ்வில்லத்தில் ஆண்டுகள் பல வாழ்ந்தும் தெரியவில்லை! மறுநாள் கொத்தனாரை அழைத்துத் தோண்டச் செய்தோம். சமையலறைக் குழாயும் குளியலறைக் குழாயும் தெருவோர மழைநீர்க் கால்வாயில் திறந்து கிடந்தன. மழைநீர்க் கால்வாய் ஓடையில் சேரும். ஓடை ஏரியில் சேரும். பீடத்தின் முன்நின்று தூய நீரைத் தெளித்த அதே கைகள், கழுவிய நீரை எங்கே அனுப்பின என்பதை அன்றுதான் அறிந்தோம். வெட்கத்தை மறைப்பதில் பயனில்லை.

பங்குப் பேரவை கூடியது. மணிக்கூண்டுக்கு வண்ணம் பூசச் சேர்த்திருந்த பணம் கையிருப்பில் இருந்தது. திருவிழா நெருங்குகையில் மணிக்கூண்டு அழுக்காக நிற்பதா என்று சிலர் வருந்தினர். வின்சென்ட் தே பவுல் சபையின் மூத்த உறுப்பினர் ஒருவர், “மணிக்கூண்டு அழுக்காயிருந்தால் நமக்கு மட்டுமே தெரியும், நம் அழுக்கு ஊருக்கெல்லாம் போகலாமா?” என்றார். அத்துடன் விவாதம் முடிந்தது. அப்பணத்தில் இல்லத்திற்கு முறையான இணைப்புப் பெற்றோம். எஞ்சிய தொகை, இணைப்புக்கு வழியற்ற இரு குடும்பங்களுக்கு உதவியது. அவ்வாண்டு திருவிழா வண்ணமில்லா மணிக்கூண்டின் கீழேயே நடந்தது.

தூய்மையான குடிநீர் பெறுவது மனிதரின் அடிப்படை உரிமை என்று, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-ஆம் ஆண்டின் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் அழுத்தமாக அறிவுறுத்தினார். உரிமை என்றால் அதை அரசிடம் கேட்கலாம், கேட்கவே வேண்டும். பொதுநிதி கோருவது பிச்சை எடுப்பதாகாது. ஆனால் கேட்கும்போது முழுமையாகக் கேட்போம். ஏரியைத் தூர்வாரும் பணத்தை மட்டுமன்றி, கழிவைக் கால்வாயிலேயே தடுத்துச் சுத்திகரிப்பு நிலையத்திற்குக் கொண்டுசெல்லும் பணத்தையும், அந்நிலையத்தை ஆண்டு முழுவதும் இயக்கும் பணத்தையும், எந்த மனிதரும் சாக்கடைக்குள் இறங்கத் தேவையில்லாத இயந்திரங்களுக்கான பணத்தையும் கேட்போம். செலவான ஒவ்வொரு ரூபாய்க்கும் நீரின் தரம் எவ்வளவு தேறியது என்ற அளவீட்டை நகராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்குமாறும் கேட்போம்.

எமது விண்ணப்பம் பின்னர் அனுப்பப்பட்டது. அதன் முதற்பத்தியில் கோரிக்கையை எழுதவில்லை. எம் பங்கில் எத்தனை வீடுகள் இணைப்புப் பெற்றுவிட்டன, எத்தனை வீடுகள் பெறவில்லை என்ற கணக்கையே எழுதினோம். பெறாதவற்றின் எண்ணிக்கையே இன்னும் பெரிது.

இந்த இதழை மூடி வைத்தபின், அன்பர்களே, உங்கள் வீட்டுக் கொல்லைக்குச் சென்று பாருங்கள். குழாய் எங்கே போகின்றது?