சைரன் இருந்தால் ஆம்புலன்ஸ் ஆகிவிடுமா?

சில ஆண்டுகளுக்கு முன்பு தாமிரபரணிக் கரையோரக் கிராமம் ஒன்றில், பிசானப் பயிருக்குக் களையெடுக்கப் போன எங்கள் தெருப் பெண் ஒருவரைப் பாம்பு கடித்தது. பக்கத்து மருத்துவமனையில் மருந்து ஏற்றிவிட்டு, உடனே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். 108-ஐ அழைத்தோம். அருகில் இருந்த வண்டி ஒரு விபத்துக்குப் போயிருந்தது. வாசலில் நின்ற தனியார் வண்டியைப் பிடித்தோம்.

அதில் சைரன் இருந்தது, சுழலும் விளக்கு இருந்தது. ஓட்டுநரைத் தவிர வேறு ஆள் இல்லை. பாதி வழியில் அந்த அக்காவுக்கு மூச்சுத் திணறியபோது சிலிண்டரைத் திறந்தால் அது காலி. தெருவில் ஆளுக்கு நூறு, இருநூறு என்று திரட்டிய பணத்தை ஏற்கெனவே வாடகையாகக் கொடுத்திருந்தோம். அவர் பிழைத்துக்கொண்டார். அதற்கும் அந்த வண்டிக்கும் சம்பந்தம் இல்லை.

ஓட்டுநர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பலர் நம் வீட்டுப் பிள்ளைகள். கடன் வாங்கி வண்டி எடுத்து, அதற்குள்ளேயே படுத்து உறங்குகிறவர்கள். நாங்கள் கேட்பது வேறு. ஒரு வேனில் கட்டிலைப் போட்டு சைரனை மாட்டிவிட்டால் அது ஆம்புலன்ஸ் ஆகிவிடுமா?

ஆகாது என்று சட்டமே சொல்கிறது. நம் நாட்டில் ஆம்புலன்ஸுக்கு ‘ஏ.ஐ.எஸ். 125’ என்ற தரவிதி உண்டு. அது வண்டிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறது. ‘ஏ’ வகை, முதலுதவி செய்பவர் விரைந்து வருவதற்கான வண்டி. ‘பி’ வகை, உயிருக்கு ஆபத்து இல்லாத நோயாளியை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்ல மட்டும். ‘சி’ வகையில் அடிப்படை உயிர்காப்பு வசதிகள் இருக்க வேண்டும். ‘டி’ வகையில் உயர்நிலை உயிர்காப்புக் கருவிகள் இருக்க வேண்டும். நடு இரவில் நம் ஆட்கள் பிடிக்கும் வண்டி இதில் எந்த வகை என்று கதவில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடிகிறதா? ‘பி’ வகை வண்டியில் ஏற்றி ‘டி’ வகைக்கான வாடகை வாங்கினாலும் நமக்குத் தெரியாது.

வசதி உள்ளவர் பெரிய மருத்துவமனையின் வண்டியை வரவழைத்துக்கொள்வார். கூலிக்காரருக்கு வாசலில் நிற்பதுதான் வண்டி. தேர்ந்தெடுக்க வழியில்லாதவருக்குத்தான் தரவிதி முதலில் தேவை.

இந்த உரிமையை வாங்கித் தந்ததே ஒரு விவசாயத் தொழிலாளர் சங்கம்தான். மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக் என்ற தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவருக்காகப் பஸ்சிம் பங்க கேத் மஜ்தூர் சமிதி வழக்குப் போட்டது. அவசர சிகிச்சை என்பது அரசமைப்புச் சட்டம் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆம்புலன்ஸில் தேவையான கருவிகளும் மருத்துவப் பணியாளர்களும் இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது.

கட்டணமும் அப்படித்தான். கரோனா காலத்தில், 2021 மே மாதம், தனியார் ஆம்புலன்ஸ்களுக்குத் தமிழக அரசு கட்டணம் நிர்ணயித்தது. முதல் 10 கிலோமீட்டருக்குச் சாதாரண வண்டி 1,500 ரூபாய், ஆக்சிஜன் வசதியுள்ளது 2,000, வென்டிலேட்டர் உள்ளது 4,000. அரசு நினைத்தால் முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

நம் மாவட்டத்தில் ஆம்புலன்ஸ் என்பது விபத்துக்கும் பிரசவத்துக்கும் மட்டுமான வண்டி அல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் அவர்களுக்குச் சிகிச்சை அளிக்கச் சென்னை ஸ்டான்லியிலிருந்தும் மருத்துவர்கள் வந்தார்கள். அரிவாள் வெட்டு விழுந்த உடம்பிலிருந்து போகும் ரத்தத்தை, நாங்குநேரிக்கும் நெல்லைக்கும் இடையிலான 30 சொச்சம் கிலோமீட்டரில் யார் நிறுத்துவது? பயிற்சி பெற்ற ஒருவர் வண்டியின் பின்னால் இருந்தால்தான் முடியும்.

இன்னொன்றும் உண்டு. பாதை குறுகல் என்று சொல்லி மெயின் ரோட்டிலேயே வண்டியை நிறுத்திவிடுகிறார்கள். நோயாளியைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாம் ஓடுகிறோம். சில தெருக்களில் பாதை உண்மையிலேயே குறுகல். அது ஊராட்சியின் குற்றம். சில தெருக்களில் பாதை இருந்தும் வண்டி வருவதில்லை. அது என்ன என்று நமக்குத் தெரியும்.

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலும் ஒரு காலத்தில் இதே நிலைதான். கறுப்பின மக்கள் வாழும் ஹில் பகுதிக்குப் போலீஸ் வேன்தான் வரும். நோயாளியை அள்ளிப் போட்டுக்கொண்டு போகும். 1967-இல் அந்தப் பகுதியின் வேலையில்லா இளைஞர்களுக்குப் பீட்டர் சாஃபர் என்ற மருத்துவர் அவசர மருத்துவப் பயிற்சி கொடுத்தார். ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவை பிறந்தது. இன்று அமெரிக்காவில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் பெறும் பயிற்சிக்கு அவர்கள்தான் முன்மாதிரி. 1975-இல் நகர நிர்வாகம் அந்தச் சேவையை எடுத்துக்கொண்டது. அந்த இளைஞர்களில் பெரும்பாலோர் ஓரங்கட்டப்பட்டார்கள். தரத்தை உருவாக்கியவர்களையே வெளியே தள்ளியதும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

எனவே நாங்கள் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பவை நான்கு. ஒவ்வொரு தனியார் ஆம்புலன்ஸின் கதவிலும் அதன் வகையும் கிலோமீட்டர் கட்டணமும் தமிழில் எழுதப்பட வேண்டும். தகுதிச் சான்று தரும்போது என்ஜினையும் டயரையும் பார்ப்பதோடு நிற்காமல், சிலிண்டரையும் கருவிகளையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து சோதிக்க வேண்டும். பயிற்சி பெற்ற உதவியாளர் இல்லாமல் ஆபத்தான நிலையில் உள்ள நோயாளியை ஏற்றக் கூடாது. நம் இளைஞர்களுக்குத் தாட்கோ மூலம் அவசர மருத்துவ உதவியாளர் பயிற்சியும், ‘சி’ வகை வண்டி வாங்கக் கடனும் தர வேண்டும்.

இதை அடுத்த கிராம சபையில் தீர்மானமாக எழுத வையுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுங்கள். கல்லூரி மாணவர்கள் தங்கள் ஊருக்குள் ஆம்புலன்ஸ் நுழைய முடியாத தெருக்களைக் கணக்கெடுத்து அந்த மனுவோடு இணைக்கலாம்.

அதுவரை, வண்டியில் ஏற்றுவதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எந்த வகை? பின்னால் யார் உட்காருவார்? சிலிண்டரில் காற்று இருக்கிறதா, திறந்து காட்டுங்கள். அன்றைக்கு நாங்கள் கேட்கவில்லை.