தங்கவயல் கோப்புகளும் தில்லியின் மின்னஞ்சல்களும்

புது தில்லி: கோலார் தங்கவயலில் மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. அதற்குச் சுமார் நான்கு மாதங்களுக்கு முன்புதான், 2000 அக்டோபர் 17-இல், தகவல் தொழில்நுட்பச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்று தோன்றலாம். ஆனால், சுரங்கத்தை மூடுவது வரையிலான முடிவுகள் பெரும்பாலும் காகிதக் கோப்புகளில் எழுதப்பட்டவை. அதன் பிறகு தங்கவயலின் தலைவிதி குறித்துத் தில்லிக்கும் பெங்களூருவுக்கும் இடையே நடக்கும் கருத்துப் பரிமாற்றமோ மேலும் மேலும் மின்னஞ்சலுக்கு மாறிவிட்டது. காகிதத்தையே சரிவரப் பாதுகாக்காத அலுவலகங்கள் மின்னஞ்சலை என்ன செய்யும் என்பதே இப்போதைய கேள்வி.

சட்டத்தில் குறையில்லை. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், கணினியில் உருவாகும் எதையும் பொது ஆவணம் என்றே வரையறுக்கிறது. மத்திய அமைச்சகங்களோடு, மத்திய அரசின் கட்டுப்பாட்டில் உள்ள பொதுத்துறை நிறுவனங்களும் இதில் அடக்கம். விதிமுறைக்குப் புறம்பாக ஆவணத்தை அழிப்பவருக்கு ஐந்தாண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். ஒவ்வொரு அலுவலகமும் ஆவண அதிகாரி ஒருவரை நியமிக்க வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டமோ, "தகவல்" என்பதற்கான விளக்கத்திலேயே மின்னஞ்சலைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு, மின்னணு ஆவணம் எங்கிருந்து, யாருக்கு, எந்த நாளில், எந்த நேரத்தில் சென்றது என்ற விவரங்களும் காக்கப்பட வேண்டும் என்கிறது. அஞ்சலை அச்செடுத்துக் கோப்பில் செருகிவிட்டால் போதும் என்று கருதும் அலுவலகங்கள் இப்பிரிவை ஒரு முறை படிப்பது நல்லது.

சிக்கல் நடைமுறையில்தான். கோப்பு என்றால் எண் உண்டு, பதிவேடு உண்டு, அதைச் சுமந்து செல்லும் கடைநிலை ஊழியர் உண்டு. மின்னஞ்சலில் எதை வைப்பது, எதை நீக்குவது என்பது பெரும்பாலும் கணக்குக்கு உரிய அதிகாரியின் விரல் நுனியில் இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போனால், அடுத்து வருபவருக்குக் கோப்பு கிடைக்கும். அஞ்சல் பெட்டி கிடைப்பது அரிது.

அதிகாரிகள் அரசுப் பணிக்கு ஜிமெயில் போன்ற தனியார் சேவைகளைப் பயன்படுத்துவதை எதிர்த்து, பாஜகவின் முன்னாள் சித்தாந்தி கே.என். கோவிந்தாச்சார்யா 2012-இல் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார். மத்திய அரசின் அனுமதியின்றிப் பொது ஆவணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்லக் கூடாது என்கிறது 1993 சட்டத்தின் 4-ஆவது பிரிவு. வெளிநாட்டில் உள்ள சேமிப்பகத்தில் அரசுக் கடிதம் தங்குவது அதற்கு முரணாகாதா என்பது அவ்வழக்கின் மையக் கேள்விகளில் ஒன்று. இதைத் தொடர்ந்தே மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை உருவானது. பின்னர் 2023-இல் மத்திய அரசின் அஞ்சல் சேவைக்கான ஒப்பந்தம் நம் தமிழகத்தின் ஸோஹோ நிறுவனத்துக்குச் சென்றது. சேமிப்பகம் எங்கே என்ற கவலை இதனால் குறையும். ஆனால், எந்த அஞ்சல் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும் என்பதை எந்த நிறுவனமும் முடிவு செய்ய இயலாது. அது அமைச்சகத்தின் வேலை.

அமைச்சகங்கள் அந்த வேலையை எப்படிச் செய்கின்றன என்பதை 2022 டிசம்பரில் தேசிய ஆவணக் காப்பகத்தின் அன்றைய தலைமை இயக்குநர் சந்தன் சின்ஹாவே பகிரங்கமாகச் சொன்னார். 151 அமைச்சகங்கள், துறைகளில் 36-இன் ஆவணங்களே காப்பகத்தில் உள்ளன. 1962, 1965, 1971 போர்களின் ஆவணங்களும், பசுமைப் புரட்சி பற்றியவையும் வந்து சேரவில்லை. போர் ஆவணத்துக்கே இந்தக் கதி என்றால், மூடப்பட்ட ஒரு சுரங்கத்தைப் பற்றிய அஞ்சலுக்கு யார் கவலைப்படப் போகிறார்கள்?

கவலைப்பட வேண்டியவர்கள் தங்கவயலில் இருக்கிறார்கள். ஒருங்கிணைந்த வட ஆற்காட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் சென்று, 3,000 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் பாறை உடைத்த தமிழ்த் தொழிலாளர்களின் குடும்பங்கள் அவை. பணிக்காலம், நிலுவைத் தொகை, குடியிருப்பு என எந்த உரிமையைக் கோரினாலும் ஆவணமே ஆதாரம். இனி வரப்போவதும் சிறிதல்ல. உலகளாவிய ஒப்பந்தப்புள்ளிக்கு உச்ச நீதிமன்றம் 2013-இல் வழிவிட்டது. தங்கம் பிரித்தபின் கொட்டப்பட்ட சயனைடு மண்மேடுகளில், ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில், மீண்டும் சுரங்கப் பணி நடத்தும் மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. அந்த மண்ணைக் கிளறும்போது எழும் தூசுக்கு என்ன நிபந்தனை விதிக்கப்பட்டது, யார் எச்சரித்தார், யார் அதை ஒதுக்கினார் என்பதெல்லாம் பத்தாண்டு கழித்து கேட்கப்படும் கேள்விகள். மத்தியச் சட்டம் மாநில அலுவலகங்களைக் கட்டுப்படுத்தாது என்பதால், ஒரே விவகாரத்தின் ஒரு பாதி தில்லியில் இருந்து, மறுபாதி பெங்களூருவில் காணாமல் போகவும் கூடும்.

"ஆவணம் கிடைக்கவில்லை" என்ற பதில் போதாது, விசாரித்துப் பொறுப்பை நிர்ணயிக்க வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2013-இல் தகவல் உரிமை வழக்கு ஒன்றில் கூறியது. அமெரிக்காவில் 2014-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, தனிப்பட்ட கணக்கிலிருந்து அரசு அஞ்சல் அனுப்பிய அதிகாரி 20 நாள்களுக்குள் அதன் நகலை அரசுக் கணக்கில் சேர்த்தாக வேண்டும். அங்கும் மீறல்கள் நடந்தன. ஹிலாரி கிளிண்டனின் அஞ்சல் விவகாரம் 2016 தேர்தல் வரை தொடர்ந்ததை உலகமே கண்டது. எனினும் மீறல் என்று சுட்டிக்காட்ட அங்கு தெளிவான விதி இருந்தது.

நாடாளுமன்றத்தில் இதைக் கேட்டால், "தகவல் திரட்டப்பட்டு வருகிறது; அவையில் வைக்கப்படும்" என்ற வழக்கமான பதில் வரலாம். அப்படி வந்தாலும் லாபமே. அது வாக்குறுதியாகப் பதிவாகி, அரசின் உறுதிமொழிகளுக்கான குழுவின் கணக்கில் ஏறிவிடும். சுரங்க அமைச்சகத்தின் ஆவண அதிகாரி யார், 2001-க்குப் பிந்தைய தங்கவயல் அஞ்சல்களுக்கு அவர் வகுத்துள்ள பாதுகாப்புக் காலம் எவ்வளவு என்ற இரண்டே கேள்விகளை எந்தக் கட்சி உறுப்பினரும் எழுதித் தரலாம்.