இன்னும் கொஞ்ச தூரம்தான்!



பொங்கல் நெருங்குகிறது. ரயிலில் வெயிட்டிங் லிஸ்ட், ஆம்னி பஸ்ஸில் கட்டணம் கைக்கு எட்டவில்லை. ‘பேசாம பைக்லயே போயிடலாமா?’ என்ற பேச்சு இந்நேரம் பல வீடுகளில் வந்திருக்கும். செங்கல்பட்டு தாண்டிவிட்டால் திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை என்று வழி முழுக்க, தோளில் பையும் பின் சீட்டில் மனைவியுமாகப் போகிறவர்கள்தான். சென்னையிலிருந்து திருச்சிக்கே 300 கிலோமீட்டருக்கு மேல்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் என்ன நடக்கிறது? காலைத் தூக்கி வண்டியிலிருந்து இறங்க முடிவதில்லை. ‘வயசாயிடுச்சுல்ல’ என்று ஒரு சிரிப்பு, ராத்திரி இடுப்பில் தைலம். முப்பது வயதில் என்னங்க வயசு?

சீட்டைக் குறை சொல்கிறோம், ரோட்டைக் குறை சொல்கிறோம். அவற்றுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் மூன்று மணி நேரம் ஒரே வாட்டத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்ததை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. தொடை மடங்கியே இருப்பதால் இடுப்பின் முன்பக்கத் தசைகள் இறுகிவிடுகின்றன. எழுந்து நிற்கும்போது அவை கீழ்முதுகைப் பிடித்து இழுக்கின்றன. ஹெல்மெட்டின் கனத்தைக் கழுத்து சுமக்கிறது. நகர டிராஃபிக்கில் கிளட்சை அழுத்தி அழுத்தி இடது முன்கை கட்டையாகிவிடுகிறது.

ஸ்கூட்டரில் போகும் பெண்களின் பாடு இன்னும் மோசம். கால் வைக்கிற இடத்தில் காய்கறிப் பையோ பிள்ளையின் ஸ்கூல் பேகோ இருக்கும். காலை நகர்த்த வழியில்லை. பைக்கில் பள்ளம் வந்தால் ஃபுட்ரெஸ்ட்டை மிதித்துக் கொஞ்சம் எழும்பிக்கொள்ளலாம். ஸ்கூட்டரில் அது சுலபமில்லை, அடி நேராக முதுகுக்குத்தான். பின்னால் ஒருக்களித்து உட்கார்கிறவருக்கோ வழி நெடுக இடுப்பு முறுக்கிக்கொண்டே இருக்கிறது. நீண்ட பயணத்துக்காவது சுடிதார் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். முதுகுக்கும் நல்லது, பாதுகாப்பும் அதிகம். மாமியார் என்ன சொல்வார் என்ற யோசனையை ஊர் எல்லையில் வைத்துக்கொள்ளலாம்!

இந்த வலிகளைத் தவிர்க்க ஜிம் வேண்டாம், செலவு வேண்டாம். முக்கால் மணி, ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, ஐந்து நிமிடம் ஸ்ட்ரெச்சிங் செய்தால் போதும்.

டீக்கடையில் நிறுத்துகிறீர்களா? டீ ஆறட்டும். கடைத்தூணையோ வேப்பமரத்தையோ ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். (சைடு ஸ்டாண்டில் நிற்கும் வண்டியைப் பிடிக்காதீர்கள், அதுவும் சேர்ந்து விழும்.) ஒரு காலைப் பின்னால் மடக்கி, குதிகாலைப் பிட்டத்தை நோக்கி இழுங்கள். முழங்கால் தரையைப் பார்க்கட்டும், வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள். முன்தொடையில் ஒரு இழுவை தெரியும். அப்படியே 20, 30 விநாடி. பிறகு மறு கால். அடுத்து, கையை முன்னால் நீட்டி, ‘நில்’ என்பதுபோல் உள்ளங்கையைக் காட்டி, விரல்களை மற்ற கையால் உங்கள் பக்கம் இழுங்கள். கிளட்ச் பிடித்த கை உடனே நன்றி சொல்லும். ஹெல்மெட்டைக் கழற்றியதும் காதைத் தோள் பக்கமாக மெல்லச் சாய்த்தால் கழுத்துக்கும் ஆயிற்று.

வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுவை தெரியலாம், வலிக்கக் கூடாது. சொடக்கு எடுத்துவிடுகிறேன் என்று வருகிறவரிடம் கழுத்தைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் எழுந்த கையோடு குனிந்து கால் விரலைத் தொட வேண்டாம். படுத்து எழுந்த முதுகு அப்போது விறைப்பாக இருக்கும். நாலு நடை நடந்து, கைகால்களை வீசிவிட்டு ஏறினால் போதும். வலி காலுக்கு இறங்கினாலோ, இறங்கி நின்ற பிறகும் விரல்கள் மரத்தே இருந்தாலோ ஸ்ட்ரெச்சிங்கை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

இத்தனையும் தெரிந்தும் ஏன் செய்வதில்லை? வெட்கம்! ‘நடுரோட்டில நின்னு என்ன சோம்பல் முறிக்கிற?’ என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். நாலு பேர் பார்க்க ஒற்றைக் காலில் நிற்கக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாலு பேரில் இரண்டு பேர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டுதான் நின்றுகொண்டிருப்பார்கள், கவனித்துப் பாருங்கள்.

பின் சீட்டில் வரப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு மணி நேரம் ஆனதும் முன்னால் இருப்பவரின் தோளைத் தட்டுங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்தான், போயிடலாம்’ என்பார். விடாதீர்கள், நிறுத்தச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்